சனிடைசர் எங்கட பையில, சவர்க்காரம் யாருடைய பொறுப்பில?

கொரோனா வந்துபோன தடயம் இன்றைக்கு எங்கே மிஞ்சியிருக்கிறது என்று கேட்டால் வாசல்களைத்தான் காட்ட வேண்டும். வங்கி வாசலில், அலுவலக வாசலில், பள்ளிக்கூடக் கேற்றடியில் காலால் மிதிக்கிற அந்த இரும்பு ஸ்டாண்ட் இன்னமும் நிற்கிறது. மேலே இருக்கிற போத்தில் வெறும் போத்தில். ஓரிடத்தில் அதற்குள் மணிபிளான்ட் வைத்திருந்தார்கள், பார்க்க வடிவாகத்தான் இருந்தது. 2020 மார்ச்சுக்குப் பிறகு அவசர அவசரமாகப் பூட்டின கைகழுவும் பேசின்களின் கதை இன்னும் மோசம். பைப்பைத் திறந்தால் காற்று வரும். பேசினுக்குள் போன வருசத்துச் சருகு கிடக்கும்.

ஸ்டாண்டும் பேசினும் செத்தாலும் ஒரு பழக்கம் மட்டும் உயிரோடு தங்கிவிட்டது. எங்கள் வயதுக்காரர் பலருடைய பையில் ஒரு சின்னச் சனிடைசர் போத்தில் கீடாக் மாதிரித் தொங்குகிறது. கன்டீனில் சோற்றுப் பார்சலை அவிழ்க்க முதல் இரண்டு சொட்டு. தேய், ஊது, சாப்பிடு. "கை கழுவிட்டு வாறன்" என்று எழும்புகிற ஆளை "இந்தா சனிடைசர் இருக்கு, இரு மச்சான்" என்று கையைப் பிடித்து இருத்துகிற அளவுக்கு அது அன்பின் அடையாளமாகவும் ஆகிவிட்டது.

இந்தப் பழக்கத்தோடுதான் நாங்கள் கொஞ்சம் முரண்டு பிடிக்கப் போகிறோம். சனிடைசர் கெட்டது என்று சொல்ல வரவில்லை. அது சவர்க்காரமும் தண்ணியும் இருக்க வேண்டிய இடத்தில் வந்து குந்திவிட்டது. அந்த இடத்தில் அதால் செய்ய முடியாத வேலைகள் நிறைய. அதைவிட, ஒரு நிறுவனம் தன் காசில் செய்து தரவேண்டிய ஒன்றை எங்கள் ஒவ்வொருவரின் காசில் எங்கள் பைக்குள் தள்ளிவிட்டது. எங்கட பிரச்சினை இதுதான்.

முதலில் வேலையைப் பார்ப்போம். சனிடைசரில் வேலை செய்வது அற்ககோல். குறைந்தது 60 வீதமாவது இருக்க வேண்டும். "அப்ப 100 வீதம் இருந்தால் இன்னும் திறமோ?" என்றால் இல்லை. கிருமியின் புரதத்தைக் குலைக்க அற்ககோலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணியும் வேண்டும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் செய்முறையில் எதனோல் 80 வீதம், அல்லது ஐசோபுரொப்பைல் அற்ககோல் 75 வீதம் என்று இருக்கிறது. கொரோனா வைரசுக்கு வெளியே ஒரு கொழுப்பு உறை உண்டு. அற்ககோல் அந்த உறையைக் கரைத்துவிடும், வைரசின் கதை முடிந்துவிடும். ஆகவே அந்த நேரத்தில் சனிடைசரை நம்பியதில் பிழையில்லை.

ஆனால் எல்லாக் கிருமிக்கும் அந்த உறை இல்லை. சத்தியும் வயிற்றோட்டமும் கொண்டுவருகிற நோரோ வைரசுக்கு இல்லை. செங்கண்மாரியைத் தருகிற ஹெபடைடிஸ் ஏ வைரசுக்கும் இல்லை. இவை அற்ககோலுக்கு இலேசில் மசியாத கூட்டம். கிரிப்டோஸ்போரிடியம் என்கிற குடல் ஒட்டுண்ணியும் அப்படித்தான். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், மூச்சால் பரவிய ஒரு நோய்க்காக நாங்கள் பழகிக்கொண்ட பொருளை, வாயால் வயிற்றுக்குள் போகிற நோய்களுக்கு எதிராக, அதுவும் சாப்பாட்டு மேசையில், நம்பிக்கொண்டிருக்கிறோம்.

சவர்க்காரம் வேறு விதமாக வேலை செய்கிறது. நாங்கள் கலைப்பீடத்துக்காரர் என்றாலும் ஓ.எல். வரைக்கும் விஞ்ஞானம் படித்தவர்கள்தானே. சவர்க்கார மூலக்கூறின் ஒரு அந்தம் தண்ணியோடு ஒட்டும், மற்ற அந்தம் எண்ணெயோடு ஒட்டும். கையில் இருக்கிற எண்ணெய், ஊத்தை, அதோடு ஒட்டிக்கிடக்கிற கிருமி எல்லாவற்றையும் பிடித்துக் கிளப்பித் தண்ணியோடு பேசினுக்குள் அனுப்பிவிடும். கொழுப்பு உறை உள்ள வைரசை உடைக்கவும் அதால் முடியும். உடைக்க முடியாததைக் கழுவி வெளியே விட்டுவிடும், கிருமி செத்ததா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சனிடைசரோ, கொன்றதையும் கொல்லாமல் விட்டதையும் கையிலேயே விட்டுவிட்டுத் தான் மட்டும் ஆவியாகிப் போகிறது. பச்சை மிளகாய் வெட்டின கையில் சனிடைசர் பூசிவிட்டுக் கண்ணைக் கசக்கினால் விசயம் உடனே விளங்கும். தயவுசெய்து யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, சனிடைசர் ஊத்தையான கையிலும் எண்ணெய்க் கையிலும் சரிவர வேலை செய்யாது. கொத்துரொட்டியும் ரோல்சும் சாப்பிடுகிற கை எப்படிப்பட்ட கை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கரண்டியால் சாப்பிடுகிற ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கலாம். நாங்கள் ஐந்து விரலாலும் குழைத்துச் சாப்பிடுகிற ஆட்கள்.

இதில் எங்கட வீடுகளுக்குள்ளேயே ஒரு விசித்திரம் இருக்கிறது. சாப்பிட்ட பிறகு கை கழுவாமல் யாராவது எழும்பிப் போனால் அம்மம்மா விடமாட்டார். அப்போது சவர்க்காரம் கட்டாயம், மீன்குழம்பு மணம் போகும்வரை கழுவ வேண்டும். சாப்பிட முதல் என்றால், விரல் நுனியைத் தண்ணியில் காட்டினால் போதும். கல்யாண வீட்டிலும் வாளியும் கோப்பையும் வைத்திருப்பார்கள், சவர்க்காரம் சாப்பிட்டு முடித்து வருகிற பக்கத்தில் இருக்கும். ஆக, கழுவுவது மணத்துக்கும் கறைக்கும்தான். கண்ணுக்குத் தெரியாததற்கு அல்ல. சனிடைசர் வந்தபோது அந்த 'முதல்' இருந்த வெற்றிடத்தில் இலகுவாக ஏறி உட்கார்ந்துகொண்டது.

வெறும் சவர்க்காரம் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய ஆதாரம் எங்கட பக்கத்து நாடொன்றிலிருந்தே வந்தது. பாகிஸ்தானில் கராச்சி நகரத்துச் சேரிகளில் நடந்த ஒரு ஆய்வு 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. வீடு வீடாகச் சவர்க்காரம் கொடுத்து, ஒவ்வொரு கிழமையும் ஆட்கள் போய்க் கைகழுவுவதைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். சவர்க்காரம் கிடைத்த வீட்டுப் பிள்ளைகளில் வயிற்றோட்டம் 53 வீதம் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் நியூமோனியா 50 வீதம் குறைவு. ஒரு பகுதி வீடுகளுக்குக் கிருமிநாசினி சேர்த்த சவர்க்காரம், இன்னொரு பகுதிக்குச் சாதாரணச் சவர்க்காரம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே விளம்பரத்தில் வருகிற 99.9 வீதக் கணக்கை நம்பிக் கூடக் காசு கொடுக்கத் தேவையில்லை, கடையில் இருக்கிற ஆக மலிவான கட்டி போதும். அந்த ஆய்வில் எங்களுக்கு இன்னொரு விசயமும் முக்கியமாகப் பட்டது. அங்கே சவர்க்காரம் சும்மா கிடைத்தது. "கை கழுவுங்கோ" என்று போஸ்டர் ஒட்டிவிட்டு அவர்கள் போகவில்லை.

போஸ்டர் என்றதும் எங்கள் பீடத்து வொஷ்ரூம் ஞாபகம் வருகிறது. சுவரில் கைகழுவும் முறை படம் படமாக, மூன்று மொழியில், லெமினேட் பண்ணி ஒட்டியிருக்கிறது. படத்தில் இருக்கிற கைகளில் நல்ல நுரை. கீழே பேசினில் சவர்க்காரம் வைக்கிற குழி காய்ந்துபோய்க் கிடக்கிறது. சுவரில் பூட்டின திரவச் சவர்க்கார டிஸ்பென்சரை அமத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஒரு செவ்வாய்க்கிழமை எங்களில் நாலு பேர் அந்தக் கட்டடத்தின் எல்லா மாடிக்கும் ஏறி இறங்கிப் பார்த்தோம். மாணவர் பாவிக்கிற ஒரு வொஷ்ரூமிலும் சவர்க்காரம் இல்லை. விரிவுரையாளர்களுடையது பூட்டியிருந்தது, அதனால் தெரியாது.

இந்த இல்லாமை எல்லாருக்கும் ஒரே அளவில் விழுவதில்லை. பெடியன்கள் பெரும்பாலும் ஒரு சிரிப்போடு கடந்து போய்விடுவார்கள். மாதவிடாய் நாட்களில் பாட் மாற்றிவிட்டு வருகிற பிள்ளை என்ன செய்வது? கையில் இரத்தம் பட்டிருந்தால் சனிடைசர் அதைப் பரப்பிவிடும், போக்காது. மென்ஸ்ட்ருவல் கப் பாவிக்கிற ஆளுக்குக் கழுவின கை இல்லாவிட்டால் அன்றைய நாள் முழுக்கச் சிக்கல். அற்ககோல் காயாத விரலோடு முயற்சித்தால் எப்படி எரியும் என்பதை நாங்கள் விவரிக்கவில்லை. அதனால் எங்கட பெட்டையளின் பைக்குள் சனிடைசர் மட்டும் இல்லை, ஒரு பொலித்தீன் துண்டில் சுற்றின பாதிச் சவர்க்காரமும், ஒரு சின்னத் தண்ணிப் போத்திலும், டிஷ்யூவும் இருக்கின்றன. ஒரு நடமாடும் குளியலறையையே தோளில் சுமந்துகொண்டு எட்டு மணி விரிவுரைக்கு வருகிறார்கள். சிலர் அந்த நாட்களில் வராமலே விடுகிறார்கள். வரவுப் பதிவில் அதற்குக் காரணம் எழுத ஒரு கட்டம் இல்லை.

கம்பஸுக்கு வெளியிலும் பார்க்கலாம். எங்கள் குழுவில் இரண்டு பேர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அவர்களின் அம்மாமார் கொழுந்து பறிக்கிறவர்கள். காலையில் மலைக்கு ஏறினால் மத்தியானச் சாப்பாடு பல நாள் அங்கேயேதான், தேயிலைச் செடிகளுக்கு நடுவில், ரொட்டியும் சம்பலும். பக்கத்தில் டொய்லட் இல்லை, பைப்பும் இல்லை. கொழுந்தின் சாயம் விரலில் கறுப்பாக ஏறியிருக்கும். மருந்தடித்த மலை என்றால் அதன் மிச்சமும் கையில் இருக்கும். கொரோனாக் காலத்தில் இப்படியான இடங்களுக்கும் சனிடைசர் போத்தில்களைக் கொண்டுபோய்க் கொடுத்துப் படம் எடுத்துப் போட்டவர்கள் இருக்கிறார்கள். பூச்சிமருந்து, களைநாசினி போன்ற இரசாயனங்களைச் சனிடைசர் அகற்றும் என்று நம்ப முடியாது, அதற்குக் கழுவத்தான் வேண்டும். மலைக்கு ஒரு தண்ணித் தாங்கியும் ஒரு பைப்பும் கேட்பது சங்கப் பேச்சுவார்த்தையில் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டிய ஒரு கோரிக்கை. போத்தில் கொடுத்தால் அந்தக் கோரிக்கை அடங்கிப்போகும்.

நாய்க்கடியையும் இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் எங்கள் கம்பஸில் மாணவரைவிட நாய்கள்தான் ஒழுங்காக வருகின்றன. கடித்தாலோ பிறாண்டினாலோ பையிலிருக்கிற சனிடைசரை ஊற்றிவிட்டு "பரவாயில்லை" என்று இருக்கக்கூடாது. ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரி, ஊசி. நீர்வெறுப்பு நோய் வந்த பிறகு அநேகமாக ஒருவரும் தப்புவதில்லை. அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு பைப்பும் ஒரு கட்டிச் சவர்க்காரமும் வேண்டும். மேலே சொன்ன கட்டடத்தில் அதை எங்கே போய்த் தேடுவது?

சரி, சனிடைசர் உண்மையில் யாருக்காக வந்தது? அதன் வீடு ஆஸ்பத்திரி. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிணப் பரிசோதனை செய்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மருத்துவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 வீதத்தைத் தாண்டியிருந்த தாய்மாரின் மரணம் ஜூனில் 2 வீதமளவுக்கு இறங்கியது. அதற்கு நன்றாகப் பிந்தி, 1990களில் ஜெனீவாவில் டிடியே பித்தே என்ற வைத்தியரும் அவருடைய ஆட்களும் இன்னொரு பிரச்சினையைக் கண்டார்கள். ஒரு தாதி ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் பேசினுக்குப் போய்வந்தால் வேலை நேரத்தில் பெரும்பகுதி நடையிலேயே போய்விடும். அதனால் கட்டிலடியிலேயே அற்ககோல் கரைசலை வைத்தார்கள். இருபது முப்பது செக்கனில் வேலை முடிந்தது, தொற்றுகளும் குறைந்தன. பிறகு உலக சுகாதார நிறுவனம் அந்தச் செய்முறையைக் காப்புரிமை இல்லாமல் எல்லாருக்கும் கொடுத்தது. அருமையான வேலை. ஆனால் அங்கே பேசின் இருந்தது, நேரம்தான் இல்லை. எங்களிடம் நேரம் தாராளமாக இருக்கிறது, பேசினில்தான் ஒன்றும் இல்லை. அந்தத் தாதியின் கையில் ஊத்தையோ குழம்போ இருந்தால் அவருக்கும் சொல்லப்படுவது "போய்ச் சவர்க்காரத்தால் கழுவுங்கள்" என்பதுதான்.

"தண்ணியே இல்லாத இடத்தில என்ன செய்யச் சொல்லுறீங்கள்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது மோட்டர் ஓடவில்லை, தாங்கி நிரம்பவில்லை. கிணறும் கப்பியும் வாளியும் இருந்த வீடுகள் சமாளித்தன, மற்றவர்கள் கஷ்டப்பட்டார்கள். அந்த வருசம் சவர்க்காரத்தின் விலை ஏறின ஏற்றத்தில் ஒரு கட்டியை மூன்றாக வெட்டிப் பாவித்த வீடுகளும் உண்டு. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போகிறபோது, ஆஸ்பத்திரியில் நோயாளி பார்க்கப் போகிறபோது, பைப்படிக்குப் போக முடியாத ஒரு சக்கர நாற்காலிக்காரருக்கு, சனிடைசர் பெரிய உதவி. வைத்துக்கொள்ளுங்கள், நாங்களும் வைத்திருக்கிறோம்.

ஆனால் தண்ணி குறைவான இடத்துக்கும் வழி இருக்கிறது. ஆபிரிக்க நாடுகளில் கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் 'டிப்பி டாப்' என்று ஒன்று செய்வார்கள். ஒரு பழைய கானைத் துளை போட்டுத் தடியில் தொங்கவிட்டு, கயிறு கட்டிக் காலால் மிதித்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணி சரியும். பக்கத்தில் ஒரு நூலில் சவர்க்காரம். கட்டிச் சவர்க்காரம் இல்லாவிட்டால் உடுப்புத் தோய்க்கிற பவுடரைக் கொஞ்சம் தண்ணியில் கரைத்துப் போத்திலில் விட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டால் அதுவும் கை கழுவப் போதும். ஒரு சனிடைசர் போத்திலின் காசுக்கு இதை எத்தனையோ தரம் நிரப்பலாம்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் பாடசாலைகளைக் கணக்கெடுக்கும்போது, தண்ணி மட்டும் உள்ள பள்ளிக்கூடத்தை அடிப்படை வசதி உள்ளதாக எண்ணுவதில்லை. தண்ணியும் சவர்க்காரமும் சேர்ந்து இருந்தால்தான் அடிப்படை. பைப் பூட்டுவது ஒரு நாள் வேலை. அதற்குத் திறப்பு விழா உண்டு, பொன்னாடை உண்டு, "இன்னாரின் நினைவாக அன்பளிப்பு" என்று மாபிள் கல் உண்டு. வெளிநாட்டுப் பழைய மாணவர் சங்கங்கள் சனிடைசர் ஸ்டாண்டிலும் பேர் அடித்துத்தான் கொடுத்தார்கள். சவர்க்காரத்தில் பேர் எழுத முடியாது, எழுதினாலும் இரண்டு நாளில் கரைந்துவிடும். ஒவ்வொரு கிழமையும் வாங்க வேண்டிய சாமானுக்கு நன்கொடையாளர் கிடைப்பது கஷ்டம்.

"வைச்சால் களவு போகுது" என்று பல பள்ளிக்கூடங்களில் சொல்லுவினம். உண்மைதான். கொஞ்சம் பிள்ளைகள் கொண்டுபோவார்கள், மிச்சத்தைக் காகம் கொண்டுபோகும். கிணற்றடியில் சவர்க்காரத்தைக் காகத்திடம் பறிகொடுக்காத வீடு எங்கட ஊர்களில் உண்டா? பழைய காலுறைக்குள் கட்டியைப் போட்டுப் பைப்பில் முடிந்துவிட்டால் காகத்தாலும் ஏலாது, பிள்ளையாலும் ஏலாது. அப்படியும் ஒரு பிள்ளை சவர்க்காரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகுதென்றால், அந்த வீட்டில் சவர்க்காரம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காகப் பைப்படியில் வைக்காமல் விடுவது என்ன ஞாயம்?

எங்கள் பீடத்தில் சவர்க்காரம் வாங்குவது யார் என்று நாங்கள் விசாரித்துப் பார்த்தோம். துப்புரவு செய்கிற அக்கா, கொந்தராத்துக் கம்பனி தருவதில்லை என்றார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு துண்டை அவர் தன் அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார். மேற்பார்வையாளர், அது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு என்றார். அங்கே, பைப் உடைந்தால் வாருங்கள், சவர்க்காரம் களஞ்சியத்தில் கேளுங்கள் என்றார்கள். களஞ்சியத்தில் இருந்த சேர் நல்ல மனுசன், கொப்பியைத் திறந்து காட்டினார். சனிடைசர் வாங்கியதற்குப் பதிவு இருக்கிறது, அதற்கென்று ஒரு தலைப்பே இருக்கிறது. சவர்க்காரத்துக்கு யாரும் கேட்டு எழுதவில்லை, அதனால் வாங்கவில்லை என்றார்.

ஆகவே எழுதினோம். மாணவர் வொஷ்ரூம் ஒவ்வொன்றுக்கும் சவர்க்காரம், அதை நிரப்புவதற்கு ஒரு ஆள், கொந்தராத்தில் ஒரு வரி. கடிதம் மூன்று கிழமைக்கு முன்னர் கொடுக்கப்பட்டது. அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது என்று, பவுடர் கரைத்த போத்தில்களை இரண்டு மாடிகளில் நாங்களே கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். பெண்கள் பக்கத்தில்தான் தொடங்கினோம். இதைப் பார்த்துவிட்டு "பிள்ளைகளே செய்யினம்தானே" என்று நிர்வாகம் ஆறுதலாக இருந்துவிடும் என்ற பயம் எங்களுக்கும் இருக்கிறது. அதனால் வாங்கின ஒவ்வொரு பக்கற்றுக்கும் பில் வைத்திருக்கிறோம், மாத முடிவில் கணக்கை அதே கடிதத்தோடு இணைத்துத் திரும்பக் கொடுப்போம். நிரப்புகிற முறை வாசலில் ஒட்டியிருக்கிறது, இந்தக் கிழமை இரண்டாம் வருசம். கடிதத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை.